தறிச் சத்தத்துக்கு மேலே

குடியாத்தம்
10.11.2024

அன்புள்ள அக்காவுக்கு,

யோகலட்சுமி எழுதுகிறேன். இங்கே அப்பா, அம்மா, நான், இரண்டு தறிகள், எல்லோரும் நலம். உன் தலைவலி எப்படி இருக்கிறது?

தபால் நிலையத்தில் இன்லேண்ட் லெட்டர் கேட்டேன். அங்கிருந்த மேடம் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, ஸ்கூல் ப்ராஜெக்டா என்று கேட்டார்கள். எங்க அக்காவுக்கு என்று சொன்னேன். எனக்குப் பெருமையாக இருந்தது. பதினொன்றாம் வகுப்பில் நாற்பத்திரண்டு பேர் இருக்கிறோம். இல்லாத நண்பனுக்குத் தேர்வில் எல்லோரும் கடிதம் எழுதியிருக்கிறோம். இருக்கிற ஆளுக்கு எழுதுவது நான் மட்டும்தான்.

தமிழ் டீச்சர் என்னை வாசிக்கச் சொல்லிவிட்டு, "ஏம்மா மைக் முழுங்கின மாதிரி கத்தற" என்றார்கள். தறி வீடு டீச்சர் என்றேன். அவர்களுக்குப் புரியவில்லை. நம் தெருவில் பேசுவது என்றாலே தறிச் சத்தத்துக்கு மேலே பேசுவதுதானே.

தீபாவளிக்கு வந்தபோது, ஃபோன் ரிப்பேர், இனிமேல் கடிதம் எழுது, மஹ்பூபி அக்கா வீட்டு விலாசத்துக்கு அனுப்பு என்று சொல்லிவிட்டுப் போனாய். அவர்கள் செருப்புக் கம்பெனியில் உன் பக்கத்து மிஷினில் தைப்பவர்கள் என்று தெரியும். ஆனால் உன் ரூமுக்கே ஏன் அனுப்பக்கூடாது? இன்னொன்று, ரிப்பேரான ஃபோன் தீபாவளி மத்தியானம் உன் தலையணைக்கடியில் ஒன்பது முறை அதிர்ந்தது. ஒவ்வொரு முறையும் நீ மாடிக்குப் போனாய். கம்பெனி பஸ் தலைவலி தருகிறது என்று ஆம்பூரிலேயே ரூம் எடுத்தாய். ஆனால் இரண்டு வருஷம் அதே பஸ்ஸில் நீ வாயைத் திறந்துகொண்டு தூங்கிப் போனவள்தானே?

நம்பவில்லை என்று சொல்லவில்லை. புரியவில்லை என்றுதான் சொல்கிறேன்.

உன் பதிலுக்காக வாசலைப் பார்த்திருக்கும்,
யோகா

ஆம்பூர்
24.11.2024

அன்பு யோகாவுக்கு,

அக்கா எழுதுகிறேன். நலமாக இருக்கிறேன், நீயும் வீட்டில் எல்லோரும் அப்படியே இருக்க வேண்டும். உன் கடிதத்தை மஹ்பூபி அக்கா டிபன் டப்பாவுக்கு அடியில் வைத்துக் கொண்டுவந்து கொடுத்தார்கள். கொஞ்சம் சேர்வாக் குழம்பு வாசனை அடித்தது. நாலு முறை படித்தேன்.

உன்னிடம் பொய் சொல்ல வரவில்லை. ஃபோன் நன்றாகத்தான் இருக்கிறது. எங்கள் லைனில் ஜெயசீலன் என்று ஒருவர், மிஷின் மெக்கானிக். எனக்கு அவரைப் பிடிக்கும். அவருக்கு என்னை ரொம்பப் பிடிக்கும். என் ஃபோனின் பாஸ்வேர்டு அவரிடம் இருக்கிறது. தினம் சாயங்காலம் வாங்கிப் பார்ப்பார். சந்தேகம் இல்லை யோகா, பிரியம். நான் வேறு யாரோடும் அதிகம் பேசினால் அவருக்குத் தாங்காது. பஸ்ஸில் நாற்பது பேரோடு போய்வருவது பிடிக்கவில்லை என்றார், அதனால்தான் ரூம். நீ எழுதுவதை மட்டும் வேறு யாரும் படிக்க வேண்டாம் என்று எனக்குத் தோன்றியது. ஏனென்று தெரியவில்லை.

போன வாரம் ஆற்காட்டுக்குப் போய் எனக்காக மக்கன் பேடா ஸ்வீட் வாங்கிவந்தார். அவ்வளவு தூரம்.

வேலையைப் பற்றிக் கேட்பாயே. இந்த மாதம் என்னைத் தோல் செக்கிங்கிலும் விடுகிறார்கள். முழுத் தோலை மேசையில் விரித்து, முள் கீறியது, உண்ணி கடித்தது, சூடு போட்டது என்று தழும்பு இருக்கும் இடமெல்லாம் சில்வர் பேனாவால் வட்டம் போட வேண்டும். கட்டிங்காரர் அந்த வட்டத்தை விட்டுவிட்டு வெட்டுவார். என் கண்ணுக்கு ஒரு தழும்பும் தப்பாது என்று பேர் வாங்கியிருக்கிறேன். சாம்பிள் ரூமுக்கு வருகிறாயா என்றுகூடக் கேட்டார்கள். புது டிசைன் வந்தால் முதல் ஜோடியை அங்கேதான் தைப்பார்கள். பார்க்கலாம்.

வீட்டில் எதுவும் சொல்லாதே.

உன் கன்னத்தைக் கிள்ளும்,
கலையரசி

குடியாத்தம்
8.12.2024

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். மழையில் நூல் ஈரமாகி இரண்டு நாள் அப்பா புலம்பினார், இப்போது அவரும் நலம். உன் ரகசியம் என் கணக்குப் புத்தகத்தின் அட்டைக்குள் பத்திரமாக இருக்கிறது. கணக்குப் புத்தகத்தை இந்த வீட்டில் நான்கூடத் திறப்பதில்லை.

எனக்குச் சில சந்தேகங்கள். அவர் உன் ஃபோனைப் பார்க்கிறார். நீ அவருடையதைப் பார்ப்பாயா? அவர் புத்தகம் படிப்பாரா? உன்னைச் சிரிக்கவைப்பாரா? மஹ்பூபி அக்காவுக்கு அவரைப் பிடிக்குமா?

சாம்பிள் ரூமுக்குப் போ. இன்னும் யாரும் பார்க்காத செருப்பை முதலில் நீ பார்ப்பாய். இதைக் கேட்டதிலிருந்து எனக்கு வேறு எதுவும் ஓடவில்லை. லைப்ரரியில் புதுப் புத்தகத்தின் முதல் ஆளாக என் பெயர் விழுந்தால் எப்படி இருக்குமோ, அப்படி.

சாப்பிடு. தீபாவளிக்கு அதிரசத்தை ஒன்றோடு நிறுத்திவிட்டாய். நான் எண்ணினேன்.

உன் நினைவாகவே,
யோகா

ஆம்பூர்
2.1.2025

அன்பு யோகாவுக்கு,

எல்லோருக்கும் புத்தாண்டு நல்லபடியாக அமையட்டும். பதில் போட இவ்வளவு நாள் ஆனது என் தப்பு.

ஜெய் ஐந்து நாள் என்னோடு பேசவில்லை. என் தப்புதான். கேன்டீனில் மஹ்பூபி அக்கா சொன்ன கதைக்குச் சத்தமாகச் சிரித்துவிட்டேன், சூப்பர்வைசர் திரும்பிப் பார்த்தார். "உங்க வீட்ல தறிக்கு நடுவுல கத்தற மாதிரி இங்கயும் கத்துவியா" என்று ஜெய் கேட்டார். யோசித்தால் உண்மைதான். சின்ன வயதிலிருந்தே இந்தக் குரலைத் திருத்திக்கொள்ளாதது என் தப்பு. இப்போது மெதுவாகப் பேசப் பழகுகிறேன்.

அந்த ஐந்து நாளும் எனக்குச் சோறு இறங்கவில்லை. தையல் ஊசி விரலில் ஏறிவிட்டது. கவனம் இல்லாமல் தைத்தது என் தப்பு. பயப்படாதே, ஆறிவிடும். நேற்று அவரே வந்து பேசினார். மறுபடியும் மக்கன் பேடா. கரண்ட் போய்க் கிடந்து, வந்ததும் நம் தெருவில் தறியெல்லாம் ஒரே நேரத்தில் ஓடத் தொடங்குமே, அவர் பேசியதும் எனக்குள் அப்படித்தான் இருந்தது.

சாம்பிள் ரூம் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அங்கே எல்லாம் ஆண்கள். எனக்கே விருப்பமில்லை. முதலில் ஆசைப்பட்டதுதான் என் தப்பு.

பொங்கலுக்கு இரண்டு நாள் வருகிறேன். உனக்கு ஒரு சில்வர் பேனா கொண்டுவருகிறேன்.

என்றும் உன் மேல் பிரியமுள்ள,
கலையரசி

குடியாத்தம்
19.1.2025

அன்புள்ள அக்காவுக்கு,

நீ நலமா? விரல் ஆறியதா? நாங்கள் நலம் என்று எழுதத்தான் வேண்டும், எழுதிவிட்டேன்.

பொங்கலன்று நேரில் சொல்ல முடியாததை இப்போது எழுதுகிறேன். நீ வந்த சாயங்காலம் தறிக்குப் பக்கத்தில் நின்று ஏதோ சொன்னாய். உதடு அசைந்தது, குரல் வரவில்லை. அம்மா, "இன்னாடி? காதுல விழல" என்றாள். மறுபடியும் சொன்னாய். மறுபடியும் கேட்கவில்லை. அம்மா தறியை நிறுத்தினாள். அப்பாவையும் நிறுத்தச் சொல்லிக் கை காட்டினாள்.

அம்மா எதற்குத் தறியை நிறுத்துவாள் என்று உனக்குத் தெரியும். நூல் அறுந்தால் நிறுத்துவாள். தாத்தா இறந்துபோன செய்தி வந்தபோது நிறுத்தினாள். எனக்குக் காது அடைத்துக்கொண்டது போல ஆகிவிட்டது. நம் வீட்டுச் சுவர்க் கடிகாரத்துக்குச் சத்தம் உண்டு என்று எனக்கு அன்றுதான் தெரியும். அந்த அமைதியில் நீ, "தண்ணி குடேம்மா" என்றாய். அவ்வளவுதான் கேட்டிருக்கிறாய்.

நீ குடித்து முடிக்கும்வரை அம்மா உன்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். அதன் பிறகும் உடனே தறியை ஓட்டவில்லை.

இதனுடன் உன் ஜனவரிக் கடிதத்தைத் திருப்பி அனுப்புகிறேன். கோபித்துக்கொள்ளாதே. நீ கொடுத்த பேனாவால், உன் வேலையை நான் செய்திருக்கிறேன். எங்கெல்லாம் 'என் தப்பு' என்று எழுதியிருக்கிறாயோ அங்கெல்லாம் வட்டம். ஐந்து இருக்கின்றன. வெள்ளைத் தாளில் சில்வர் தெரியவில்லை. ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்.

சிரித்ததற்கு, ஊசி குத்தியதற்கு, ஆசைப்பட்டதற்கு. அக்கா, இவை எப்படித் தப்பாகும்?

உன் தங்கை என்பதில் மாற்றமில்லாத,
யோகா

குடியாத்தம்
16.2.2025

அன்புள்ள அக்காவுக்கு,

நலம்தானே? ஒரு வரி போட்டால் போதும். நான்கு வாரமாகத் தபால்காரர் என்னைப் பார்த்தாலே தூரத்திலிருந்து கையை விரிக்கிறார்.

அந்தக் கடிதத்தைத் திருப்பி அனுப்பியது என் தப்பு. உன் மனதில் இருப்பதைத் தோல் மாதிரி மேசையில் விரித்துப் பார்த்தது என் தப்பு. அதனால் உனக்கும் அவருக்கும் சண்டை வந்திருந்தால் அதுவும் என் தப்புதான். இனிமேல் வட்டம் போட மாட்டேன். மழை பெய்தது, புத்தகம் படித்தேன் என்று மட்டும் எழுதுகிறேன். எழுது.

யோகா

ஆம்பூர்
26.2.2025

யோகலட்சுமி பாப்பாவுக்கு,

நான் மஹ்பூபி. எனக்குத் தமிழ் பேச வரும், எழுத வராது. நான் சொல்லச் சொல்ல என் மவ சுகரா எழுதறா. நான் எப்படிப் பேசறேனோ அப்படியே எழுதுன்னு சொல்லியிருக்கேன். உங்க அம்மா அப்பாவுக்கு என் சலாம் சொல்லு. இல்ல, வேணாம், சொல்லாத. இந்த லெட்டர் நம்ம ரெண்டு பேருக்குள்ள.

உங்க அக்கா வேலைக்கு வருது, போவுது. நீ வட்டம் போட்டு அனுப்பின லெட்டரை டிபன் பையில வெச்சிருந்துச்சி. அந்த ஆளு எடுத்துப் பாத்துட்டான். நம்ம விஷயத்தை வீட்டுக்கு எழுதறியான்னு ஒரே பேஜார் பண்ணி, கம்பெனி கேட்டாண்ட நின்னு கிழிச்சிப் போட்டான். அன்னிலேர்ந்து அதுங்கூடப் பேசல. மூணு வாரத்துக்கு மேல ஆச்சி. அடிச்சானான்னு கேட்டேன். இல்லக்கான்னு சொல்லுது. அடிச்சிருந்தா காயம் தெரியும், நானே போய் சட்டையப் புடிச்சிருப்பேன். இவன் பேசாம இருந்தே ஆளை உருக்கறான்.

தினம் என் டப்பாலேர்ந்து நாலு வாய் ஊட்டறேன். பிரியாணின்னா ஆறு வாய் போவுது. அதனால உயிர் மேல ஆசை இருக்குதுன்னு வெச்சிக்கோ. போன வாரம் வந்த உன் லெட்டர் எங்கிட்டதான் இருக்குது. இப்ப வேணாங்க்கான்னு சொல்லிடுச்சி. நேரம் பாத்துக் குடுக்கறேன்.

நீ உன்னையே திட்டிக்காத. எழுதிக்கினே இரு. நான் குடுத்துக்கினே இருப்பேன்.

மஹ்பூபி

(அம்மா சொன்னதை ஒரு வார்த்தை மாற்றாமல் எழுதியிருக்கிறேன். சுகரா.)

ஆம்பூர்
23.3.2025

அன்பு யோகாவுக்கு,

பரீட்சை எப்படிப் போகிறது? கணக்குப் புத்தகத்தைத் திறந்தாயா? நான் நலம். இந்த முறை சும்மா எழுதவில்லை, கொஞ்சம் நலம்தான்.

உன் பிப்ரவரிக் கடிதத்தை மஹ்பூபி அக்கா போன வாரம் என் கையில் திணித்து, படிக்கும்வரை எதிரில் நின்றார்கள். மூன்று இடத்தில் 'என் தப்பு' என்று எழுதியிருக்கிறாய். நீ ஜெயசீலனைப் பார்த்ததுகூட இல்லை. அவர் கோபத்துக்கு நீ குடியாத்தத்தில் உட்கார்ந்து மன்னிப்புக் கேட்கிறாய். இதை உனக்கு யார் கற்றுக்கொடுத்தது என்று யோசித்தேன். நான்தான். செக்கிங் மேசையிலிருந்து பேனா எடுத்து மூன்றுக்கும் வட்டம் போட்டேன்.

ஒன்று சொல்ல வேண்டும். நீ போட்ட வட்டங்களை நான் சாய்த்துப் பார்க்கவே இல்லை. பயமாக இருந்தது, பையில் வைத்துவிட்டேன். அவர் கிழித்துப் போட்ட பிறகு கேட்டுக்குப் பக்கத்தில் துண்டுகளைப் பொறுக்கினேன். வெயிலில் அங்கங்கே மின்னியது. ஐந்தையும் பொறுக்கிவிட்டேன்.

அவரை விட்டுவிட்டேன் என்று எழுத ஆசை, ஆனால் எழுத முடியாது. மார்ச் ஒன்றாம் தேதி, இனி வேண்டாம் என்று நானே சொன்னேன். நாலாம் தேதி நானே ஃபோன் செய்தேன். அவர் அழுதார், நானும் அழுதேன். கெட்டவர் இல்லை யோகா. அவருக்குள் ஏதோ பயம் இருக்கிறது. ஆனால் அது அடங்க வேண்டுமென்றால் நான் சிரிக்கக்கூடாது, பேசக்கூடாது, பஸ்ஸில் போகக்கூடாது. அவ்வளவும் செய்து பார்த்துவிட்டேன், அடங்கவில்லை. பத்தாம் தேதி மறுபடியும் சொன்னேன். இன்றைக்குப் பதின்மூன்றாவது நாள்.

பாஸ்வேர்டை மாற்றிவிட்டேன். வேலை நேரத்தில் ஃபோன் மஹ்பூபி அக்காவிடம். ரூமுக்கு வந்த பிறகுதான் கஷ்டம். பல் பிடுங்கிய இடத்துக்கு நாக்கு போகிற மாதிரி கை அதனிடமே போகிறது. அப்போதெல்லாம் உனக்கு ஒரு வரி எழுதுகிறேன். அனுப்பாதவை பதினேழு சேர்ந்துவிட்டன. எல்லாம் ஒரே மாதிரிதான், நான் அவரைக் கூப்பிடாமல் இருக்கிற கணக்கு. 'யோகா, மணி ஆறே கால். இன்னும் கூப்பிடவில்லை.' 'யோகா, ஏழு பத்து. இன்னும் கூப்பிடவில்லை.'

கம்பெனிக்குச் சனிக்கிழமை ஒரு கவுன்சிலிங் மேடம் வருகிறார்கள். மஹ்பூபி அக்கா இழுத்துக்கொண்டு போனார்கள். பெரிதாக ஏதோ சொல்வார்கள் என்று நினைத்தேன். நேற்று என்ன சாப்பிட்டாய், எத்தனை மணி நேரம் தூங்கினாய் என்றுதான் கேட்டார்கள். பதில் சொல்லும்போது அழுகை வந்துவிட்டது. அடுத்த சனிக்கிழமையும் போவேன்.

சாம்பிள் ரூமில் வெட்கத்தை விட்டுக் கேட்டேன். ஏப்ரலில் ஒரு ஜோடி தைத்துக் காட்டச் சொல்லியிருக்கிறார்கள்.

உன் வட்டங்களுக்கு நன்றியுடன்,
கலை

குடியாத்தம்
6.4.2025

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதத்தை மொட்டைமாடியில் வைத்துப் படித்தேன். நலமாக இருக்கிறேன். பரீட்சை முடிந்தது. கணக்கு தேறிவிடும், தமிழ் நன்றாகவே வரும். தமிழ்க் கேள்வித்தாளில் 'தோழிக்கு ஆறுதல் கூறிக் கடிதம்' கேட்டிருந்தார்கள். நான் அறிவுரை எதுவும் எழுதவில்லை. சாப்பிட்டாயா என்று கேட்டு எழுதினேன்.

அனுப்பாத பதினேழையும் எனக்கு அனுப்பு. அவை என் கடிதங்கள்.

அம்மா விஷயம். நான் எதுவும் சொல்லவில்லை. போன வாரம் அறுந்த நூலை முடிச்சுப் போட்டுக்கொண்டே, தலையை நிமிர்த்தாமல், "அவ யாருக்கு பயந்து அப்படிப் பேசறா" என்று கேட்டாள். பொங்கலிலிருந்து இரண்டரை மாதம் அதை வைத்துக்கொண்டிருந்திருக்கிறாள். எனக்குப் பொய் சொல்லவும் வரவில்லை, உன்னைக் காட்டிக்கொடுக்கவும் மனமில்லை. அவளே சொல்லுவாள் என்றேன். "சரி, மொதல்ல வரட்டும்" என்றாள். அன்று மாலையே உன் கட்டில்மேல் அடுக்கியிருந்த லுங்கிக் கட்டுகளை அப்பாவை விட்டு இறக்கவைத்தாள். அப்பா காரணம் கேட்கவில்லை. இறக்கிவிட்டு, கட்டிலின் ஆடுகிற காலுக்கு ஆப்பு வைத்தார்.

வைகாசி முதல் நாள் கெங்கையம்மன் சிரசுத் திருவிழா. நீ பிறந்ததிலிருந்து தவறவிட்டதில்லை. வா.

கட்டிலைப் பார்த்துக்கொண்டே எழுதும்,
யோகா

ஆம்பூர்
27.4.2025

அன்பு யோகாவுக்கு,

அக்கா நலம். பதினேழையும் இதோடு வைத்திருக்கிறேன். இப்போது முப்பத்தொன்று. ஒன்றில் மட்டும், 'ஆறு நாற்பது. கூப்பிட்டுவிட்டேன்' என்று இருக்கும். அதையும் மறைக்கவில்லை. இருபது நிமிஷம் பேசினோம். வைத்த பிறகு ராத்திரிச் சாப்பாட்டை அப்படியே மூடி வைத்தேன். மறுநாளிலிருந்து மறுபடி ஒன்றிலிருந்து எண்ணுகிறேன். எண்ணுவதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை என்று மேடம் சொன்னார்கள்.

செவ்வாய்க்கிழமை எங்கள் லைனிலேயே சாம்பிள் ஜோடி தைத்துக்கொண்டிருந்தேன். ஜெயசீலன் பக்கத்து மிஷினைப் பார்க்கிற மாதிரி வந்து குனிந்தார். எப்போதும் அப்படித்தான். யாருக்கும் கேட்காமல், உதடு மட்டும் அசையப் பேசுவார். அத்தனை நாளும் அதைக் கேட்க மூச்சை அடக்கிக்கொண்டிருப்பேன். அன்று நூறு மிஷின் ஓடிக்கொண்டிருந்தது, எனக்கு நிஜமாகவே கேட்கவில்லை. நான் யோசித்துச் செய்யவில்லை யோகா. நம் வீட்டில் பேசுகிற குரல் தானாக வந்துவிட்டது.

"இன்னா? காதுல விழல. சத்தமா சொல்லுங்க."

லைன் முழுக்கத் திரும்பியது. மஹ்பூபி அக்கா மிஷினை நிறுத்திவிட்டார்கள். ஜெயசீலன் என்னைப் பார்த்தார், மற்றவர்களைப் பார்த்தார். என்ன சொல்ல வந்தாரோ, அது சத்தமாகச் சொல்லக்கூடியதாக இல்லை. ஸ்பேனரை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

பாத்ரூமில் போய் அரை மணி அழுதேன். வீரம் ஒன்றும் இல்லை. திரும்பிவந்து இரண்டாவது செருப்பைத் தைத்தேன். தையல் ஓர் இடத்தில் லேசாக வளைந்திருக்கிறது. இருந்தாலும் எடுத்துக்கொண்டார்கள். ஜூனிலிருந்து சாம்பிள் ரூம்.

சிரசுக்கு வருகிறேன். பெட்டியோடு.

உன்,
கலை

குடியாத்தம்
18.5.2025

அன்புள்ள மஹ்பூபி அக்காவுக்கு,

கலையரசியின் தங்கை யோகலட்சுமி வணக்கம் சொல்லிக்கொள்கிறேன். உங்களுக்கு முழங்கால் வலி என்று அக்கா சொன்னாள், இப்போது எப்படி இருக்கிறது? சுகரா நலமா? இதை அவள்தான் உங்களுக்குப் படித்துக்காட்டுவாள் என்பதால், அவளுக்கும் இங்கேயே வணக்கம். அம்மா உங்களுக்கு ஒரு லுங்கி கொடுத்தனுப்புகிறாள். லுங்கி வைத்து நீங்கள் என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். வீட்டில் ஆம்பளைங்க இல்லையா என்று என்னைத் திட்டினாள். நாளை அக்கா கம்பெனி பஸ்ஸில் வரும்போது கொண்டுவருவாள். இனிமேல் தினமும் பஸ்தான். வாயைத் திறந்து தூங்கினால் எழுப்பாதீர்கள்.

எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுத மாட்டேன். சிரசு ஊர்வலம் போகும்போது கூட்டத்தில் யாரோ ஒருவர் முதுகைப் பார்த்து அக்காவின் கை என் கையை இறுக்கியது. அவர் இல்லை. நேற்று மாலை என் புத்தகத்துக்குள் ஒரு துண்டுத்தாள் இருந்தது. 'யோகா, மணி ஆறே கால். இன்னும் கூப்பிடவில்லை.' அவள் அடுத்த அறையில்தான் இருந்தாள். அடியில், 'சரி. அதிரசம் வேணுமா?' என்று எழுதித் திருப்பிக் கொடுத்தேன். இரண்டு சாப்பிட்டாள்.

அம்மாவிடம் அவளே எல்லாம் சொல்லிவிட்டாள். அம்மா திட்டவில்லை. நீங்கள் ஊட்டினீர்கள் என்பதைக் கேட்டபோதுதான் அழுதாள்.

வீட்டுக்குள் எப்படி நுழைந்தாள் என்று பார்த்து எழுதச் சொல்லி அக்காவிடம் சொல்லியனுப்பியிருந்தீர்கள். எழுதுகிறேன். புதன்கிழமை சாயங்காலம். நான் பின்கட்டில் படித்துக்கொண்டிருந்தேன், இரண்டு தறியும் ஓடிக்கொண்டிருந்தன. பெட்டி வைத்த சத்தம் எனக்குக் கேட்கவில்லை. ஆனால், "யம்மா, பசிக்குது, இன்னா கொழம்பு" என்பது கேட்டது. எதிர்வீட்டு நாகேந்திரன் மாமாவுக்குக்கூடக் கேட்டிருக்கும். நான் ஓடிவந்தேன். அம்மா தறியை நிறுத்துவாள் என்று எதிர்பார்த்து அவள் கையையே பார்த்தேன்.

அம்மா நிறுத்தவில்லை. கண்ணை நூலிலிருந்து எடுக்காமல், "கீரைதான், போட்டுத் தின்னுடி" என்று அவளைவிடச் சத்தமாகச் சொன்னாள்.

உங்களை நேரில் பார்க்க ஆசையுள்ள,
யோகலட்சுமி